மோட்டார் சூடானால் வெயில்மேல் பழியா?

பினாங்கில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மழை ஒதுங்கி, தார்ச்சாலை கொதிக்க ஆரம்பித்ததும் பட்டறைகளில் ஒரே பேச்சுதான்: “இந்த வெயிலுக்குப் பழைய மோட்டார் தாங்காது.” வைத்தியமும் கூடவே வரும். ஒருவர் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்வார். இன்னொருவர் ரோன் 97 பெட்ரோல் போட்டால் எஞ்சின் குளுமையாக ஓடும் என்பார். வண்டியை நிறுத்தியதும் சிலிண்டரின் மூடியான ஹெட்மேல் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்று என்று சொல்பவரும் உண்டு. எஞ்சினின் சூடு வெயிலிலிருந்துதான் வருகிறது என்ற எண்ணம் இந்தப் பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. எஞ்சினைச் சுட வைப்பது அதற்குள் எரியும் பெட்ரோல். வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. அது எவ்வளவு, மீதிக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துவிட்டால் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய மோட்டார் என்று இங்கே சொல்வது கார்புரேட்டர் வைத்த, பெரும்பாலும் காற்றாலேயே ஆறும் வண்டிகளை. ஹோண்டா இஎக்ஸ்5, 1996இல் வந்த மொடனாஸ் கிரிஸ், டூ ஸ்ட்ரோக்கில் யமஹா ஆர்எக்ஸ்இசட். அப்பா ஓட்டி மகன் கைக்கு வந்த கப்சாய் (இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டார்) என்றால் இன்னும் பொருத்தம்.

## சூடு பிறக்கும் இடம்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து ஆறிய பொருளுக்கு ஓடும் ஆற்றல். வெப்பநிலை என்பது ஒரு பொருள் இப்போது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்ற அளவு. எஞ்சினுக்குள் பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கும். பிறப்பது கூடினாலும் ஏறும், வெளியேறுவது குறைந்தாலும் ஏறும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் கப்சாயில் அது வினாடிக்கு 50 முறை. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில். ஆனாலும் பிஸ்டன் உருகுவதில்லை. அந்த உச்சச் சூடு கண் இமைக்கும் நேரம்கூட நிற்பதில்லை. அடுத்த சுற்றில் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்துவிடுகின்றன. உலோகம் வாங்கிக்கொண்ட வெப்பமும் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

எவ்வளவு போகிறது? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டர் எரிக்கும். அந்தப் பெட்ரோலின் ஆற்றல் ஏறத்தாழ 11 கிலோவாட். அதில் நாலில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மூன்றில் ஒரு பங்கு போல எக்சோஸ் வழியாகப் போய்விடும். மிச்சமுள்ள நான்கு ஐந்து கிலோவாட் உலோகத்துக்குள் இறங்கி, அங்கிருந்து காற்றில் கலந்தாக வேண்டும். பகலோ இரவோ, மழையோ வெயிலோ, இது நடந்தே தீரும்.

இதோடு வெயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குத் தருவது ஏறத்தாழ ஒரு கிலோவாட். கப்சாய் எஞ்சினில் நேராக வெயில் படும் இடம் இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தால் அதிகம். அதில் கிடைப்பது சில பத்து வாட்தான், உள்ளே பிறப்பதில் நூறில் ஒரு பங்கு. வெயிலில் நிறுத்திய வண்டியில் சீட் சுடும், டேங்க் சுடும். எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

## தே ஆறும் விதம்

மாமாக் கடையில் ஆவி பறக்கத் தே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், உங்களுக்கோ அவசரம். அகலமான தட்டில் ஊற்றலாம். காற்றுப் படும் பரப்பு கூடும். ஊதலாம், தேயை ஒட்டி நிற்கும் சூடான காற்று விலகி, புதுக் காற்று வந்து சேரும். இல்லையென்றால் ஏர்கான் அறைக்குள் கொண்டுபோகலாம். தேக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் கூடும். இந்த மூன்றில் முதல் இரண்டுதான் சட்டென்று வேலை செய்யும். ஏர்கான் அறையில் ஊதாமல் வைத்தால் தே ஆறுவதற்குள் பொறுமை போய்விடும்.

காற்றால் ஆறும் எஞ்சினுக்கும் இதே மூன்றுதான். சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி வரிவரியாக நிற்கும் மெல்லிய தகடுகளுக்கு ஃபின் என்று பெயர். அவை தேயை ஊற்றிய தட்டு. பரப்பைப் பல மடங்கு கூட்டிக் கொடுக்கின்றன. வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றுதான் ஊதுவது. கப்சாயின் சிலிண்டர் படுத்த மாதிரி, ஹெட் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதில் ஒரு வசதி உண்டு: மிகவும் சுடும் பாகம் முதலில் காற்றைச் சந்திக்கிறது. மூன்றாவது வழியான வெப்பநிலை வித்தியாசத்தில்தான் வெயில் உள்ளே நுழைகிறது.

நுழைந்து என்ன செய்கிறது என்று கணக்குப் போடலாம். ஓடும் வண்டியின் ஹெட் 150 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் காற்று 30 டிகிரி, வித்தியாசம் 120. கடும் வெயில் நாளில் காற்று 36 டிகிரி, வித்தியாசம் 114. வெளியேறும் வெப்பம் இருபதில் ஒரு பங்குதான் குறைகிறது. அதைச் சரிக்கட்ட ஹெட் இன்னொரு ஆறு டிகிரி ஏறினால் போதும், பழையபடி சமநிலை வந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை கொடுக்கும் நாடு இது. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டிலேயே பேர்போன உச்சம். அந்தச் சுப்பிங் வெயிலிலும் இதே கணக்குப்படி ஹெட் பத்து டிகிரி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் நமக்கு ஏன் இப்படித் தள்ளாடுகிறது? நம் உடம்பு 37 டிகிரியில் இருக்கிறது. காற்று 36 என்றால் வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி. வேர்வை உலர்ந்துதான் நாம் ஆற வேண்டும், கடலோர ஈரக் காற்றில் அதுவும் உலராது. எஞ்சினுக்கு வேர்ப்பதில்லை, ஈரப்பதம் அதற்கு ஒரு கவலையும் இல்லை. வெயிலில் முதலில் தளர்வது ஓட்டுபவர்தான். தனக்குச் சுடுவதால் வண்டிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்.

இதுவரை பார்த்தது: எஞ்சினின் சூடு உள்ளே பிறக்கிறது, பரப்பு, காற்றோட்டம், வெப்பநிலை வித்தியாசம் மூன்றும் சேர்ந்து அதை வெளியேற்றுகின்றன, வெயில் தொடுவது மூன்றாவதை மட்டும், அதுவும் லேசாக.

## பாலத்தில் ஒரு மாதிரி, கிரீன் லேனில் வேறு மாதிரி

ஒரே வண்டி, ஒரே மதியம். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் மோட்டார் பாதையில் அறுபதில் போகிறது. எஞ்சின் நன்றாக உழைக்கிறது, வெப்பம் நிறையப் பிறக்கிறது; ஆனால் கடல் காற்றும் எதிர்காற்றுமாக ஃபின் இடுக்கெல்லாம் புகுந்து அள்ளிக்கொண்டு போகிறது. இறங்கி கிரீன் லேன் பக்கம் வந்து நெரிசலில் மாட்டியதும் ஊதுவது நின்றுவிடுகிறது. அதே 34 டிகிரி, அதே வெயில்; ஆனால் ஹெட் ஏற ஆரம்பிக்கும்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். நின்ற இடத்தில் சும்மா ஐட்லிங்கில் இருக்கும் சின்ன எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு. சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது. வம்பு எப்போது என்றால், மேடு ஏறிச் சுடச்சுட வந்து அப்படியே நெரிசலில் நிற்கும்போது. இல்லையென்றால் பின்னால் ஆளும் ராகா (கூடை) நிறையச் சாமானுமாக, பத்து மீட்டர் முறுக்கி, நிறுத்தி, மறுபடி முறுக்கிப் போகும்போது. வெப்பம் பிறப்பது உண்டு, காற்று இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் இரண்டாம் கியரில் ஊர்ந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, வெயிலே இல்லாமல், எஞ்சின் வாடை மூக்கில் ஏறும்.

பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவுக்கு ஏறும் மேடும் அப்படித்தான். அங்கே பலர் செய்வது, வேகம் குறைந்த பிறகும் நாலாம் கியரிலேயே வைத்து முழுசாக முறுக்குவது. எஞ்சின் திணறும், நிறைய பெட்ரோல் உள்ளே போகும், காற்றோ மெதுவாக வரும். மூன்றுக்கு இறக்கினால் சத்தம் கூடுமே தவிர எஞ்சினுக்குச் சுமை குறையும். சத்தம் கூடினால் சூடும் கூடும் என்பது இந்த இடத்தில் பொருந்தாது.

## அளவு மீறினால் உள்ளே என்ன ஆகும்

எஞ்சின் எவ்வளவு ஆறினாலும் நல்லது என்று நினைக்க வேண்டாம். மிகவும் ஆறிய எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எரிவதால் உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கிக் கலங்கும். காற்றால் ஆறும் சின்ன எஞ்சினில் பிளக் பக்கத்து வெப்பநிலை 120 முதல் 180 டிகிரி வரை இருப்பது சாதாரணம். 200ஐத் தாண்டி அங்கேயே நின்றால் காரணம் தேட வேண்டும்.

முதலில் அடி வாங்குவது ஆயில். உராயும் உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நிற்கும் மெல்லிய ஆயில் படலம்தான் எஞ்சினின் உயிர். ஆயிலின் கெட்டித்தன்மை சூட்டில் வேகமாக விழும். வழக்கமான 10டபிள்யூ-40 ஆயில், 40 டிகிரியில் இருந்ததில் ஏழில் ஒரு பங்காக 100 டிகிரியில் இளகிவிடும். இது எதிர்பார்த்ததுதான், எஞ்சினை வடிவமைத்ததே அதற்காக. அதற்கும் மேலே போகும்போது படலம் அறுபடுகிறது, ஆயிலும் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

அடுத்தது விரிவு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சிலிண்டரின் உட்சுவர் இந்த வண்டிகளில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. பிஸ்டன் அளவுக்கு மீறி விரிந்து, படலமும் இல்லாமல் போனால், சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் எஞ்சின் ஜாம் என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது நாக்கிங். பிளக் பொறி பற்றவைக்கும் தீ போய்ச் சேருவதற்கு முன்பே, மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துக்கொள்வது. மேடு ஏறும்போது டின்னில் கூழாங்கல் குலுங்குவதுபோல் கேட்கும். அது கேட்டால் முறுக்கைக் குறைத்துக் கியரை இறக்க வேண்டும். உடனே.

## பழைய வண்டிக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை

புது வண்டியாக இருந்தபோது இதே பினாங்கு வெயிலில்தான் ஓடியது. அப்போது சூடாகவில்லை, இப்போது சூடாகிறது என்றால் மாறியது வண்டிதான். இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் கார்புரேட்டர் பக்கம். பெட்ரோல் முழுசாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஆனால் முறுக்கி ஓட்டும்போது கார்புரேட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். 13 மடங்கு காற்றுக்கு ஒன்று என்ற மாதிரி. மிகையான பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில், பெட்ரோல் வரும் ஜெட் துவாரத்தில் பிசின் படிந்து அடைத்தால், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இன்டேக் ரப்பர் வெடித்துக் கள்ளக் காற்று புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறையும். இதை லீன் என்பார்கள். லீன் ஆனதும் அந்தக் குளிர்ச்சி போய்விடும், எரிவதும் இழுபடும், எக்சோஸ் வால்வு வெந்துபோகும். அடையாளம்: முறுக்கை விட்டபின் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கும், பிளக் முனை பழுப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். இன்டேக் ரப்பர் விலை ஒரு சாப்பாட்டுக் காசுக்குப் பக்கம்தான்; பல பேர் அதை விட்டுவிட்டு சிலிண்டர் போரிங் வரை போய்விடுகிறார்கள்.

வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடும் என்பதால் கலவை உண்மையில் ஒரு நூலளவு பெட்ரோல் அதிகமான பக்கம்தான் சாயும். ஆகவே லீன் ஆனதற்கும் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. சத்தம் போடும் எக்சோஸ் மாட்டி, ஏர் ஃபில்டரையும் கழற்றி, ஜெட்டை மட்டும் அப்படியே விட்டுவைக்கும் தம்பிமார்களைச் சொல்லலாம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடித்தால் அது தனிக் கதை.

அடுத்தது ஆயில் அளவு. இஎக்ஸ்5 மாதிரி வண்டியில் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். ஆயில் வழுக்கவிடுவதோடு நிற்பதில்லை. பிஸ்டன் அடியிலிருந்தும் ஹெட்டிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து கீழே எஞ்சின் பெட்டியில் விடுகிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக 200 மில்லி எரிந்துபோனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. இருக்கிற கொஞ்ச ஆயில் அடிக்கடி சுற்றி, அதிகமாகச் சுட்டு, சீக்கிரம் கறுக்கும். ஆயில் மாற்றும் தேதியை எழுதி வைப்பவர்கள்கூட நடுவில் குச்சியை எடுத்துப் பார்ப்பதில்லை. பழைய வண்டிக்கு வாரம் ஒருமுறை பார்ப்பது அதிகமில்லை.

வால்வு இடைவெளியும் உண்டு. வால்வு முழுசாக மூடுவதற்காக அதன் தலையில் விட்டிருக்கும் சின்ன இடம் அது. சின்ன ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் 0.05 மில்லிமீட்டர். எக்சோஸ் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கைக்குக் கடத்திவிட்டுத்தான் ஆறுகிறது. இடைவெளி இறுகிப் போனால் சரியாக உட்கார முடியாது, ஆறவும் முடியாது. பற்றவைக்கும் நேரம் தள்ளிப்போனால் எரிவது எக்சோஸ் வரை நீளும், குழாய் சிவக்கும். முன்னால் வந்தால் நாக்கிங். பாயிண்ட் வைத்த மிகப் பழைய வண்டிகளில் இது நகரும். பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுவில் பொறி கொடுக்கும் சிடிஐ வந்த பிறகு அவ்வளவாக இல்லை.

மற்றவை சின்னவை. ஃபின் இடுக்கில் மண்ணும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து கட்டியாகியிருந்தால் தட்டின் மேல் கம்பளி போர்த்தியதற்குச் சமம். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். பிரேக் உரசிக்கொண்டே இருப்பது, டயரில் காற்றுக் குறைவு, கிளட்ச் வழுக்கல், செயின் இறுக்கம் எல்லாம் எஞ்சினை வீணாக உழைக்க வைக்கும்.

சுருக்கமாக, பழைய வண்டி அதிகமாகச் சூடாவதற்கு லீன் கலவை, குறைந்த ஆயில், இறுகிய வால்வு, அழுக்குப் பிடித்த ஃபின் ஆகியவை முன்னால் நிற்கின்றன. வெயில் எங்கோ பின்வரிசையில்.

## டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு

ஆர்எக்ஸ்இசட் போன்ற வண்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிகிறது, ஆற நேரம் குறைவு. பிஸ்டனுக்கு ஆயில் வருவதும் பெட்ரோலோடு சேர்ந்துதான். 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் பம்ப் எவ்வளவு ஆயில் விட வேண்டும் என்பதை த்ராட்டில் கேபிளும் தீர்மானிக்கிறது; த்ராட்டிலை மூடினால் ஆயிலும் குறையும். இதனால் மேட்டைவிட இறக்கம்தான் ஆபத்து. பாலிக் புலாவிலிருந்து திரும்பும் நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு, கியரிலேயே எஞ்சினை வேகமாகச் சுற்ற விட்டால், சுற்று அதிகம், உள்ளே வரும் ஆயிலும் குளிர்ந்த கலவையும் சொற்பம். இடையிடையே ஒரு முறுக்கு கொடுப்பதும், எஞ்சின் பிரேக்கை நம்பாமல் கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் பயன்படுத்துவதும் பழைய ஆட்கள் வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது.

## தண்ணீர் சுற்றும் வண்டி

2006இல் வந்த யமஹா எல்சி135 மாதிரி வண்டிகளில் சிலிண்டரைச் சுற்றித் திரவம் ஓடி, வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். கடைசியில் அங்கேயும் காற்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பரப்பும் ஊதுவதும் இடம் மாறியிருக்கின்றன. திரவம் 90 டிகிரி அளவிலேயே நிற்பதால் வித்தியாசம் சின்னது. ஆறு டிகிரி வெயில் கூடினால் பத்தில் ஒரு பங்கு திறன் போகும். வெயிலின் பங்கு இவற்றில் கொஞ்சம் அதிகம் என்று ஒத்துக்கொள்ளலாம்.

வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் எதுவும் உறையாது, கூலண்ட் எதற்கு என்பது வாதம். வெறும் தண்ணீர் கூலண்ட் கலவையைவிடக் கொஞ்சம் நன்றாகவே வெப்பத்தைச் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சீக்கிரம் கொதிக்கும், உள்ளே அலுமினியத்தை அரிக்கும், உப்புப் படிய வைக்கும். படிந்த பாதை அடைத்தபின் எந்தத் திரவம் ஊற்றியும் பயனில்லை. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியில்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்தும் வால்வு அது. ரப்பர் போன பழைய மூடி இருந்தால் 100க்குக் கிட்டவே கொதிக்க ஆரம்பித்துவிடும். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்களும் உண்டு. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் கதவு அது. திறக்காமல் மாட்டிக்கொண்டால் மாற்ற வேண்டும். கழற்றிவிட்டால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும்.

## பட்டறை வைத்தியங்கள்

போத்தல் தண்ணீர் கதைக்கு வருவோம். ஆவி புஸ்ஸென்று வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஓரிடம் மட்டும் சட்டென்று சுருங்கி, பக்கத்து இடம் விரிந்தபடியே இருந்தால் உலோகம் வளையும், விரிசல் விடலாம். ஓடும்போது மழை நனைப்பது வேறு. அது பரவலாக, காற்றோடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது.

ரோன் 97: ரோன் என்பது நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்ற அளவு, குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கலவையை ஏறத்தாழ ஒன்பது மடங்கு மட்டும் அமுக்கும் கப்சாய்க்கு ரோன் 95 தாராளம். 95இலேயே தட்டுகிறது என்றால் உள்ளே கரி படிந்திருக்கலாம், லீன் ஆகியிருக்கலாம். 97 போட்டு அதை மறைப்பது ஒரு வழி, அவ்வளவுதான்.

‘குளிர்ந்த’ பிளக்கும் அப்படியே. என்ஜிகே வரிசையில் எண் கூடினால் பிளக் தன் முனையின் சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்தும். அந்தச் சூடு ஹெட்டுக்குத்தானே போகிறது? முனை ஆறும், எஞ்சின் ஆறாது.

கெட்டி ஆயிலில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. தேய்ந்து இடைவெளி கூடிய எஞ்சினில் 20டபிள்யூ-50 படலத்தைக் காப்பாற்ற உதவும். ஆறவைக்குமா என்றால் இல்லை; மெதுவாகச் சுற்றும், பம்ப்புக்கும் பாரம். தேயாத எஞ்சினுக்குக் கையேடு சொல்வதையே ஊற்றலாம். எதுவானாலும் மோட்டார் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ தரக் குறி போத்தலில் இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்சும் அதே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது, சில கார் ஆயில்கள் அதை வழுக்க வைத்துவிடும்.

## உண்மையில் சூடா என்று எப்படித் தெரியும்

காலில் அனல் அடிப்பது சான்றாகாது. 50 டிகிரியே நம் தோலுக்குத் தாங்காது. தண்ணீர் சொட்டுவிட்டுச் சுர்ரென்றால் அதிகச் சூடு என்பதும் தவறு. 100 டிகிரிக்கு மேல் இருந்தாலே சுர்ரென்னும், நல்ல எஞ்சின் சுர்ரென்றுதான் ஆக வேண்டும். நிறுத்தியபின் டிக் டிக் என்று கேட்பது உலோகம் சுருங்கும் சத்தம், கவலை வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பிளக் பக்கத்தில் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அங்கேயே அளக்க வேண்டும். அடுத்தவன் வண்டியோடு ஒப்பிடாமல், உங்கள் வண்டி நன்றாக ஓடிய நாளின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், சூடு என்று தவறாக நினைக்கும் நோய் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே இருந்து பட்டென்று நின்றுவிடும், அரைமணி நேரம் கழித்துக் கிளம்பிவிடும். எஞ்சின் சூடாகிவிட்டது என்பார்கள். பல நேரம் பழசான இக்னிஷன் காயிலோ, பொறிக்கு நேரம் சொல்லும் பல்சரோ சூட்டில் பொறியை விட்டுவிடுகிறது. நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா பார்த்தால் தெரிந்துவிடும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மட்டும் கிளம்ப மறுத்தால் அது வேறு. ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறிப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். சோக் இழுக்காமல், கொஞ்சம் முறுக்கி வைத்துக்கொண்டு உதைத்தால் பிடிக்கும்.

## வழியில் மாட்டிக்கொண்டால்

நெரிசலில் எஞ்சின் இழுவை குறைந்து, முறுக்கினாலும் ஏறாமல், கருகிய வாடையும் வந்தால், ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். விசிறி இல்லாமல் காற்றால் ஆறும் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஆறவைக்க முடியாது. பின்சக்கரம் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றினால் கிளட்சைப் பிடித்து உருண்டே ஓரத்துக்கு வாருங்கள். கிளட்ச் பிடி இல்லாத கப்சாய் என்றால் கியரைக் காலால் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். உதைத்துப் பார்க்கும் ஆசையை ஒரு மணி நேரம் அடக்கிவிட்டு, ஆறியபின் ஆயில் குச்சியைப் பாருங்கள். அப்புறம் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, எப்போதும்போல் எதிர்ப்புக் கொடுத்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். சுற்றாமல் இறுகி நின்றால் லாரிதான். எப்படிப் போனாலும், ஃபோமேன் (பட்டறை மெக்கானிக்) பிஸ்டன் மாற்றவேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் இன்டேக் ரப்பரையும் ஜெட்டையும் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். காரணம் அங்கே இருந்தால், புதுப் பிஸ்டனும் அதே கதிக்குத்தான் வரும்.